கறுப்புக் கொட்டை விழும் நேரம்

சந்தாபுராவில் சின்னப்பாவின் காபிக் கொட்டைக் கிடங்கு வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. அவர் வாங்கிய, கறுத்த கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்தைத் திருப்பி அனுப்பத்தான். திரும்பினால் பியாட்ரிஸும் சுனிலும் சேர்ந்து தொடங்கிய குட்டிக் கம்பெனிக்குப் பூட்டுதான். அவர்கள் விற்ற முதல் எந்திரமே இதுதானே!

வேலை என்னவோ எளிது. கொட்டைகள் மேலிருந்து கொட்டும். கறுத்ததைக் கேமரா பார்க்கும். அது கீழே வரும் நேரம் பார்த்துக் குழாய் 'ப்ஸ்' என்று காற்றடித்துத் தள்ளும். ஆனால் இந்தப் பாழாய்ப்போன எந்திரமோ, சூடேறியதும் கறுப்பை விட்டுவிட்டு, பக்கத்தில் சிவனே என்று வரும் நல்ல கொட்டையைத் தள்ளியது.

பியாட்ரிஸ் லேப்டாப்பை மூட்டைமேல் வைத்து, எந்திரத்தை ஓட்டும் மென்பொருளான கெர்னலில் நேரம் படிக்கும் வரியை வெறித்தாள். சட்டென்று துள்ளினாள்.

"மாதாவே! சுனில், கேமராவுக்கு நேரத்தை சிப்புக்குள்ள இருக்கிற ஒரு கோர்ல படிக்கிறோம். குழாய்க்கு இன்னொரு கோர்ல!"

"அதுக்கென்ன? கோர்ல இருக்கிற கவுண்டர்தான் சிப்லயே ஃபாஸ்ட்டா நேரத்தை எண்ணும்."

"ஃபாஸ்ட்டுதான். ஆனா ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி கவுண்டர்டா! சூடானா ஒன்னு வேகத்தைக் குறைச்சுக்குது, இன்னொன்னு பாட்டுக்கு ஓடுது."

அட, நாலு பேர் நாலு வாட்ச்சைப் பார்த்து ஒரே முகூர்த்தத்துக்கு மேளம் கொட்டினால் கல்யாணம் உருப்படுமா?

"எல்லா கோருக்கும் பொதுவா ஒரு டைமர் இருக்கே, அதைப் போடலாம்" என்றாள்.

"அது மந்தம் பியா. அவ்ளோ நுணுக்கமா நேரம் சொல்லாது."

"விழுறது காபிக் கொட்டைடா, ராக்கெட் இல்ல! மைக்ரோ செகண்டே தாராளம். சூடானாலும் அது மாறாது, அதான் நமக்கு வேணும்."

சுனிலின் முகம் சுருங்கியது. அந்த வேகமான கவுண்டர் அவனுடைய செல்லப்பிள்ளை. ஆனாலும் "சரி, மாத்து" என்றான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, பியாட்ரிஸ் தப்புத் தப்பாகத் தட்டினாள். ஒருவழியாகப் புதுக் கெர்னல் ஏறியது.

கொட்டை கொட்டியது. எந்திரம் சூடேறும்வரை, ஓரமாக நின்ற சின்னப்பாவும் சேர்ந்து மூவரும் அதையே பார்த்தார்கள். ப்ஸ். கறுப்பு. ப்ஸ், ப்ஸ். கறுப்பு, கறுப்பு! சுனில் கழிவுத் தொட்டிக்குள் கைவிட்டு அளைந்தான். "சக்கத், சூப்பர்! நல்ல கொட்டை ஒன்னுகூட இல்ல!" என்று கூவினான். பியாட்ரிஸுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சின்னப்பா மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். மனிதர் இன்னும் மனம் மாறவில்லை போலிருக்கிறதே என்று நினைத்த பியாட்ரிஸ், எந்திரத்தை லாரியில் ஏற்றிவிடச் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினாள்.

"பேடம்மா, பேடா!" சின்னப்பா பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "வேணாம், ஆஃப் பண்ணாதீங்க! லாரி போகட்டும், நீங்க அடுத்த மூட்டையைப் பிரிங்க!"