வணக்கம் சொல்லாமல் ஏறிய மேடு

சமதரையில் மட்டும் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, கடற்கரைக்காரர். ஒரெஸ்தே இருக்கும் பக்கத்தில் சமதரை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: ஆற்றை ஒட்டி ஓடும் பெரிய சாலை. அதில் சிமெண்ட் லாரியும் கோழி லாரியும் காதை உரசிக்கொண்டு போகும். பிப்ரவரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த அறுபத்தொரு வயது மனிதனை லாரிகளுக்கு நடுவே அனுப்பிவிட்டு, மேடுதான் ஆபத்து என்றால் என்ன செய்வது?

ஒரெஸ்தே வாரச் சந்தைகளில் ஷூ விற்பவர். பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டு ஜோடி வாங்கவைத்து அனுப்பியவர். அந்த வாய் டாக்டரிடம் எடுபடவில்லை. மனைவி இவானாவிடம் என்றைக்குமே எடுபட்டதில்லை. "ஜூன்ல நெஞ்சு டெஸ்ட் முடியற வரைக்கும் ஒரே ஒரு மேடு ஏறினேன்னு தெரிஞ்சாலும் போதும், சைக்கிள் செவெரினோ வீட்டுக்குப் போயிடும்" என்று அவள் சொல்லிவிட்டாள். செவெரினோ அவளுடைய தம்பி. அந்த நீலச் சைக்கிள் மேல் அவனுக்கு நாலு வருஷமாக ஒரு கண். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுகூட, மாமாவின் உடம்பை விசாரித்த கையோடு சீட்டின் உயரத்தையும் விசாரித்துவிட்டுப் போனவன்.

ஆகவே ஒரெஸ்தே பெரிய சாலையில் ரவுண்டானாவிலிருந்து சிமெண்ட் கிடங்கு வரை, கிடங்கிலிருந்து ரவுண்டானா வரை, கூண்டுப் புலி மாதிரி மூன்று மாதம் போய் வந்தார். வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக மிதிக்கும். இதோ, டெஸ்ட் நாளைக்கு. நாளைக்கு அந்தக் கடற்கரைக்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இனி மேடே கிடையாது என்று சொல்லிவிட்டால்? கடைசியாக ஏறியது எந்த மேடு, எந்த நாள் என்றுகூட அவருக்கு நினைவில்லை. கடைசி என்று தெரியாமலே ஏறி இறங்கியிருக்கிறார். அதுதான் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை காலை இவானா வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். வேன் வளைவில் மறைந்ததும் ஒரெஸ்தே சைக்கிளை இறக்கினார். திட்டமெல்லாம் முன்பே போட்டாகிவிட்டது. ரோவெல்லா மலைக்குப் போகும் சின்னச் சாலை: ஆறு கிலோமீட்டர் ஏற்றம், நாலே வீடு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம். காக்காகூட பார்க்காது. இருந்தாலும் எல்லாருக்கும் தெரிந்த சைக்கிள் சங்கத்துச் சட்டையை விட்டுவிட்டு மருமகனின் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டார். புது ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது.

அந்தச் சாலையின் முதல் வீடு அர்மீதாவுடையது. வாசலில் ஒரு குழாய். முப்பது வருஷமாக அந்த வழியில் ஏறுகிற சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கே நின்று, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மழையைப் பற்றியோ முட்டியைப் பற்றியோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. நிற்காமல் போகிறவன் வெளியூரானாக இருக்க வேண்டும், இல்லை கோபக்காரனாக இருக்க வேண்டும். அர்மீதா சாலடுக் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். ஒரெஸ்தே குனிந்த தலை நிமிராமல் கடந்துபோனார். கண்ணாடியும் ஹெல்மெட்டும் முகத்தை மறைத்தன. முழங்காலை எதைக் கொண்டு மறைப்பது? தவளை மாதிரி இரண்டு பக்கமும் விரித்து மிதிக்கிற ஆள் அந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான்.

முதல் கிலோமீட்டர் சொர்க்கம். இருபக்கமும் கோதுமை, நடுநடுவே ஓக் மரம், டயரின் சத்தம் மட்டும். கைக்கடிகாரம் நாடியைத் தொண்ணூற்றாறு என்று காட்டியது. இதோ இனிமேல்தான் செங்குத்து, இனிமேல்தான் நெஞ்சு பதில் சொல்லப்போகிறது என்று கியரை மாற்றியபோது, பக்கத்து வயலிலிருந்து ஒரு டிராக்டர் சாலைக்கு வந்து முன்னால் ஏறிக்கொண்டது. அந்தப் பக்கத்து விவசாயி நஸரேனோவின் டிராக்டர். பின்னால் சட்டிக்கலப்பை இரண்டு பக்கமும் ரெக்கை விரித்திருந்தது. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பள்ளம். டிராக்டரோ கல்யாண ஊர்வலம் போல நகர்ந்தது.

ஒரெஸ்தே மணியடித்தார். கத்தினார். நஸரேனோ காதருகே கையை வைத்துக் காட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். இரண்டாவது வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு டயரைச் சுற்றிவந்து பார்த்தான். மூன்றாவது வளைவில் இன்னொரு டயர். நாலாவதில் சாவகாசமாகச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து, பையிலிருந்து பச்சை மொச்சையும் ஆட்டுப்பால் சீஸ் துண்டும் எடுத்துப் பரப்பினான்.

"உக்காருங்க ஒரெஸ்தே. மொச்சை இன்னும் ஒரு வாரந்தான். அப்புறம் முத்திப்போயிடும்."

முகத்தை மூடிய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை ஒரெஸ்தே அப்போது கவனிக்கவில்லை. அவசரம் இருக்கிறது என்றார். யாருக்கு அவசரம், மலை எங்கேயும் போகாதே என்றான் நஸரேனோ. ஒரெஸ்தே நின்றபடியே மொச்சையை உரித்தார். உரித்ததைத் தின்ன மறந்து மறுபடி உரித்தார். கடிகாரம் எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அந்த நேரம் நஸரேனோவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"ம்... இல்லக்கா... வேர்க்கக்கூட இல்ல... மொச்சைதான் குடுத்திருக்கேன். சரி, சரி."

ஒரெஸ்தே கையிலிருந்த தோலைக் கீழே போட்டார். "யாரு போன்ல?"

"நீங்க ஏன் அர்மீதா வீட்டுல நிக்கல?" என்று பதிலுக்குக் கேட்டான் நஸரேனோ. "பாவம், அந்தம்மா என்ன தப்பு பண்ணிட்டோமோன்னு பயந்துபோய் உங்க வீட்டம்மாவுக்கே போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. அக்காதான் உங்களை வேகமா ஏறவிடாதேன்னு எனக்குச் சொன்னாங்க."

திரும்பி இறங்கிவிடலாமா என்று யோசித்தார். இறங்கினாலும் குற்றம் குற்றம்தான், உச்சியையாவது பார்த்துவிடலாம். டிராக்டர் முன்னால் போக, பெட்டிப் பாம்பாகப் பின்னால் ஏறினார். நெஞ்சு என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் வந்தார். அதை வாய் திறக்கவே விடவில்லை இந்த ஊர்.

உச்சியில் கோவில் சுவரோரம் அவர்களுடைய வேன் நின்றது. சந்தை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இவானா கடையைப் பக்கத்துச் சீஸ்காரனிடம் விட்டுவிட்டு, மலையின் மறுபக்கமாகச் சுற்றி வந்திருந்தாள். அவள் கையில் ஒரு ஷூ இருந்தது. பெண்கள் ஷூ, முப்பத்தெட்டாம் அளவு, இடது கால் மட்டும். வாடிக்கைக்காரியின் காலுக்கு மாட்டப்போன ஷூவை வைக்கக்கூடத் தோன்றாமல் வந்திருக்கிறாள் என்பது ஒரெஸ்தேவுக்கு உடனே புரிந்தது. திட்டுக்குத் தயாராக வந்தவர், அந்த ஷூவைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"எத்தனை?" என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"நூத்தி நாலு."

"அதுக்கு மேல?"

"போகவிட்டாத்தானே. நான் எங்க ஏறினேன், இவன்தான் ஏத்திவிட்டான். இதை மேடுன்னு கணக்கு வைக்கக் கூடாது."

"எங்கிட்டயே வியாபாரமா?"

நஸரேனோ டிராக்டரைத் திருப்பும் சாக்கில் ஒதுங்கிக்கொண்டான். ஒரெஸ்தே கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கு அந்தாளு இனிமே கிடையாதுன்னு சொல்லிட்டா? அதான். ஒரு தடவை, தெரிஞ்சே ஏறிடணும்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

அவள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செவெரினோவுக்குப் போன் பண்ணியாகிவிட்டதா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கீழே ஆற்றோரத்தில் பெரிய சாலை தெரிந்தது. லாரிகள் எறும்புச் சாரை மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒருத்தன் உன்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போனாக்கூட எனக்குச் சாயந்திரந்தான் தெரியும்" என்றாள். "மூணு மாசமா சந்தையில நின்னுக்கிட்டு ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். இங்க நீ தும்மினா எனக்குத் தெரியும்."

ஒரெஸ்தே வாயைத் திறக்கவில்லை. பேரம் நம் பக்கம் சாயும்போது பேசக் கூடாது என்பது முப்பத்தைந்து வருஷத் தொழில் பாடம்.

"சைக்கிள் வீட்டுலயே இருக்கட்டும். டாக்டர் நாளைக்கு என்ன சொல்றாரோ அது. அவர் மேடு ஏறலாம்னா, இந்த ரோடு மட்டும். ஏறக் கூடாதுன்னா, தள்ளிக்கிட்டு நடந்து வா, அதுவும் இந்த ரோடுதான். அந்த லாரி ரோட்டுல இனிமே காலை வைக்கக் கூடாது. அப்புறம், அர்மீதா வீட்டுல நிக்கணும்."

சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். ஏறிய பிறகுதான் கையிலிருந்த ஷூவைக் கவனித்தாள். பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஒரெஸ்தே பிரேக்கை விடாமல் இறங்கினார். ஆளே இல்லாத சாலை என்று நினைத்து வந்தார். இப்போது ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் ஒரு தலை. ஒவ்வொரு தலைக்கும் கையைத் தூக்கினார். நாளைக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்ற குடைச்சல் அப்படியேதான் இருந்தது, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி.

அர்மீதா வாசலிலேயே நின்றாள். காலையில் யாரோ ஒரு பெரிய மனுஷர் இந்த வழியாகப் போனார், தண்ணீரெல்லாம் குடிக்கிற ஜாதி இல்லை போலிருக்கிறது என்று கீரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரெஸ்தே சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பாட்டில் இன்னும் நிறைந்தே இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு சொட்டு விடாமல் அவளுடைய ஜெரேனியப் பூந்தொட்டியில் ஊற்றினார். பிறகு குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்தார்.