சாக்கு கட்டிய குழாய்

அகல்யாவின் கணினிக்குள் ஓர் இந்தியப் பெருங்கடல் இருந்தது. அதை அவள் நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு கட்டம் முழுவதற்கும், ஓர் ஆழத்தில், ஒரே உப்பு, ஒரே வெப்பம். கட்டத்துக்குள் சுழன்று நீரைக் கலக்கும் சின்னஞ்சிறு சுழிகள் அந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரியமாட்டா. அவற்றுக்குப் பதிலாக ஒரே ஓர் எண்ணை நிறுத்தியிருந்தாள். அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலக்கியது. அரபிக்கடலில் விடை ஒத்துவந்தது. கங்கை வந்து விழும் மூலை மட்டும் பிசகியது. சின்னப் பிழைதானே என்று அதை ஒதுக்கியிருந்தாள்.

திருவேற்காட்டில் அவள் குடியிருந்த அடுக்ககத்தாருக்கும் அவள் கணக்கில் நம்பிக்கை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரும் கஜபதியின் லாரித் தண்ணீரும் அங்கே ஒரே தரைத்தொட்டியில் சேரும். ஒரு மாதமாகக் காலைக் குழாயில் உப்புக் கரித்தது. இரண்டு நீரின் அளவையும் வைத்துக் கணக்கிட்ட அகல்யா, லாரித் தண்ணீர் நல்லதென்றால் இவ்வளவு உப்பு வராது என்று சொல்லிவிட்டாள். லாரியில் எடுத்துப் பார்த்த தண்ணீர் நன்றாகவே இருந்தது. அன்றைக்கு மட்டும் நல்லது கொண்டுவந்திருப்பார் என்று சங்கத்தார் முடிவுகட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நிறுத்துவதாக ஏற்பாடு. அவருக்கு இருந்ததோ ஒரே லாரி. நிலையான வாடிக்கையும் இந்தக் கட்டடம் ஒன்றுதான்.

அந்த ஞாயிறு காலை லாரி வந்தபோது அகல்யா கீழே இறங்கினாள்.

"இன்னா மேடம், கணக்கு போட்டே என் தண்ணிய உப்பாக்கிட்டீங்களாமே? கடலயே அளக்கிறவங்க நீங்க. என் லாரி தம்மாத்தூண்டு, அதுல போயி தப்பு பண்ணுவீங்களா இன்னா?"

கஜபதி குழாயின் வாயில் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டி, தொட்டிச் சுவரோடு சாய்த்து வைத்தார். தண்ணீர் ஓசையின்றி வழிந்து இறங்கியது. சாக்கு எதற்கு என்று கேட்டாள்.

"கீழ் ஊட்டு ராகவன் சாருக்கு சத்தத்துல தூக்கம் கெடுதாம். ஒரு மாசமா இப்படித்தான் ஊத்திகினு கீறேன்."

ஒரு மாதம். அகல்யா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முன்பு தண்ணீர் விழுந்த வேகமே தொட்டியைக் கலக்கியிருந்தது. இப்போது அந்த வேகம் இல்லை. எடை குறைந்த நல்ல நீர் மேலே மிதக்க, மோட்டார் அடியிலிருந்து உப்பை உறிஞ்சிக் காலைக்குழாய்க்கு அனுப்பியது. மட்டம் இறங்கி நல்ல நீர் வரும்போது எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அது செடிகளுக்கும் படிக்கட்டுக்கும் போயிற்று. மேலே ஒரு குவளை மொண்டு சுவைத்தாள். பிறகு மோட்டார்க் குழாயில் ஒரு வாய். சந்தேகம் தீர்ந்தது.

கூட்டத்தில் அவளே முதலில் எழுந்தாள்.

"தொட்டிக்குள்ள தண்ணி தானா கலந்துடும்னு நானா நினைச்சுக்கிட்டேன். தப்பு என் கணக்குலதான். கஜபதி அண்ணன் தண்ணியில குறையே இல்ல."

அப்படியானால் என் தூக்கம் என்ன ஆவது என்று ராகவன் கேட்டார். குளிக்கும்போது உப்பில் கண் எரியாதே என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. லாரி தொடர்ந்து வரட்டும், சாக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

மாலையில் அகல்யா தன் கணினிக் கடலில் அந்த ஒற்றை எண்ணை அழித்தாள். நன்னீர் மேலே படர்ந்தால் கலக்கலைக் குறைக்கவும், காற்று வலுத்தால் கூட்டவும் தெரிந்த ஒரு வாய்பாட்டை அங்கே வைத்தாள். கங்கை மூலை அன்றே சரியாகிவிடவில்லை, பிழை பாதியாயிற்று.

மறுநாள் விடியலில் கஜபதியின் குழாய் தொட்டிக்குள் இரைந்தது. ராகவன் வீட்டில் விளக்கு எரிந்தது.