கசிவை விட நாலு விரல் கூடுதல்

மனிதனுக்கும் இயற்கைக்கும் நடுவே நின்ற சுவரை முதன்முதலாக அகற்றிய மாமேதை என்று பெரியவரைப் பற்றிக் கட்டடக்கலைப் புத்தகம் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அகற்றினார் என்பது உண்மைதான். அதில் அவர் தமக்குக் கட்டிய வீட்டின் குளியலறைச் சுவரும் சேர்த்தி என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் சரிவு, சரிவெங்கும் மரங்கள், மரங்களுக்கு நடுவே வனத்துறை பிற்பாடு போட்ட நடைபாதை. பறவை பார்க்க வருகிறவர்கள் கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பாதையில்தான் போவார்கள். பெரியவரின் மருமகள் இருபத்தாறு வருடமாக, பறவைகளும் அவற்றைப் பார்க்கிறவர்களும் எழுந்திருப்பதற்கு முன்பே குளித்து முடித்துவிடுகிறாள்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "ஒரு திரை போட்டா என்ன மாமா?"

"காடுதான்மா திரை," என்றார் பெரியவர்.

இலை உதிர்கிற மாதங்களில் அந்தத் திரை என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்கும்.

வீட்டில் மொத்தம் நாற்பத்திரண்டு கண்ணாடிகள். திங்கட்கிழமை கிழக்கே துடைக்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை மேற்கே போய் முடியும். அதற்குள் கிழக்கே இரண்டு குருவிகள் வானம் என்று நம்பி மோதித் தடம் பதித்திருக்கும். கூடத்தின் நடுவே மூன்று படி இறக்கி ஒரு பள்ளம்; உட்கார்ந்து பேசுவதற்காம். அதற்குள் இருக்கும் நாற்காலிகள் ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தவை, முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தவர்களை எழுப்பி விடுவதற்கு வீட்டில் ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும். அதுவும் அவள்தான். அலமாரிக் கதவுகளுக்குப் பிடி கிடையாது. எங்கே அமுக்கினால் திறக்கும் என்பதைப் பெரியவர் அவளிடம் ஒரு பரம்பரை ரகசியம்போலச் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. அது படங்களைப் பற்றியது.

பெரியவர் நேர்கோட்டுப் பிரியர். கூரையை மேசைப்பலகை மாதிரி தட்டையாகப் போட்டார். மழைக்குச் சரிவு பிடிக்கும். தட்டையான இடத்தில் அது உட்கார்ந்து யோசிக்கும். யோசித்து யோசித்துச் சுவர் வழியாக உள்ளே வந்தது. சுவரில் கசிவு தெரிந்த முதல் வருடமே பெரியவர் அதன்மேல் ஒரு படம் வரைந்து மாட்டினார். மறு வருடம் கசிவு படத்தைத் தாண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அதைவிடப் பெரிய படம் வரைந்தார். இப்படித்தான் வீடு ஓவியங்களால் நிறைந்தது.

முதல் மழை விட்ட பிறகு ஒரு நாள், மகன் வேலைக்குப் போனதும், பெரியவர் பென்சிலும் கையுமாகச் சுவர் சுவராக நடப்பார். மருமகள் அளவு நாடாவைப் பிடிக்க வேண்டும். கசிவின் அளவை எடுத்து, நாலு பக்கமும் நாலு விரல் கூட்டி, அந்த அளவுக்குச் சட்டம் அடிப்பார். கற்பனை அவருக்கு அளவு தெரிந்த பிறகுதான் வரும். மாமியார் போகும்போது அவளுக்கு விட்டுப்போனவை இரண்டு: ஒரு ஜோடி வளையல், இந்த நாடா.

மகனுக்கு இது தெரியாது. அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது, ஊரார் இன்னும் சின்னவர் என்றுதான் சொல்கிறார்கள். முகவரி அட்டையில் 'இல்லத்தின் காவலர்' என்று அச்சடித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடக்கலை மாணவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "அப்பா முதல்ல சின்னச் சின்னச் சட்டத்துக்குள்ள அடங்கியிருந்தார். வயசாக ஆக அவரோட ஆன்மா விரிஞ்சுது," என்பார். விரிந்தது எது என்பது, பின்னால் தேநீர்த் தட்டோடு நிற்கிற அவளுக்குத் தெரியும்.

பெரியவர் போய் நாலு வருடம் ஆகிறது. படங்கள் நின்றுவிட்டன. கசிவு நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டையும் அதிலுள்ள முப்பத்தொரு ஓவியங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட விருப்பம். ஓர் அதிகாரி வந்து பார்வையிடுவார். சரிவந்தால் குடும்பத்துக்கு ஊருக்குள் அருங்காட்சியகக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை ஒதுக்கப்படும். சின்னவருக்குப் பெருமை பிடிபடவில்லை. 'அப்பா', 'தேசம்', 'தலைமுறை' என்று தனித்தனிச் சொற்களாகப் பேசிக்கொண்டு திரிந்தார்.

அவள் யாரிடமும் சொல்லாமல் போய் அந்த இரண்டு அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். நாலு பக்கமும் செங்கல். குளியலறை ஜன்னல் கையகலம், அதுவும் தலைக்கு மேலே. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். ரொம்ப நேரம் ஆனதும், உள்ளே ஏதும் பழுதா என்று காவலாளி வந்து கதவைத் தட்டினார்.

திரும்பும் வழியில் இருபது மீட்டர் திரைத்துணி வாங்கினாள். கருநீலத்தில் உள்ளங்கை அகல மஞ்சள் பூக்கள். சாம்பலும் பழுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறத்துக்கு அனுமதியில்லாத வீடு அது. பூ என்றால் கண்ணாடிக்கு வெளியேதான். துணியைக் கூடத்துப் பள்ளத்தில் இருக்கும் சிமென்ட் இருக்கைக்கு அடியில் ஒரு பிடியில்லாத பெட்டியறை உண்டு; மெத்தையைத் தூக்கி அதற்குள் வைத்தாள். எங்கே அமுக்கினால் திறக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

பார்வையிடும் நாளன்று சின்னவரின் அக்கா காலையிலேயே வந்து இறங்கினார். சுவருக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிறப் புடவை. ஓட்டுக்கூரையும் மூன்றடுக்குத் திரையுமாக ஒரு வீட்டில் வாழ்கிறவர், கல்யாணமாகிப் போன பிறகு இங்கே ஒரு நாளும் தங்கியதில்லை.

"உள்ள நுழைஞ்சாலே மனசு கரையுது," என்றார் அக்கா.

"நேத்து மழை அண்ணி. அந்தப் பக்கம் வழுக்கும், பாத்து வாங்க," என்றாள் அவள்.

வடக்குச் சுவரில் பெரியவரின் மிகப்பெரிய படம் 'எல்லையற்ற காடு' தொங்கியது. அதற்கு எல்லை இருந்தது. கசிவு வலது பக்கம் அதைத் தாண்டி இரண்டு விரல் வந்துவிட்டிருந்தது. அவள் விடியற்காலையிலேயே ஒரு நிலைவிளக்கை நகர்த்தி அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாள்.

அதிகாரி நரைத்த தலையும் துணிச் செருப்புமாக வந்த குள்ளமான அம்மாள். பள்ளத்தில் இறங்கி உட்காரச் சொன்னதும் எட்டிப் பார்த்தார்.

"இறங்கிட்டா ஏறணுமே. நான் இங்கயே நிக்கிறேன்."

அந்த வீட்டுக்கு வந்தவர்களில் அவளுக்கு உடனே பிடித்துப்போன முதல் ஆள் அவர்தான்.

சின்னவர் கண்ணாடியில் தொடங்கி ஆன்மா விரிந்தது வரை எல்லாம் சொல்லி முடித்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல இருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"இதுல அப்பாவோட கையெழுத்தும் வருஷமும் பின்னாலதான் இருக்கும். முன்னால போட்டா இயற்கைக்கு மரியாதையில்லன்னு சொல்வார்," என்று சின்னவர் 'எல்லையற்ற காடு' பக்கம் போனார். "ஒரு கை பிடி அக்கா. காட்டிடலாம்."

"வேண்டாங்க," என்றாள் அவள். "கம்பி ரொம்பப் பழசு."

"கம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு இடுப்பு வலி வேற. மாட்டும்போது கோணலாயிடும்."

"நீ ஏன்மா குறுக்கால நிக்கிற?" என்றார் அக்கா. "அவன் அப்பா படத்தை அவன் தொடக்கூடாதா?"

அவள் விலகினாள். இருபத்தாறு வருடத்தில் விலகுவதற்கு அந்த வீடு நன்றாகப் பழக்கியிருந்தது. அக்காவும் தம்பியும் படத்தைத் தூக்கி இறக்கினார்கள். கூடவே ஒரு தட்டு அளவு காரையும் இறங்கியது. சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக ஈரம் பூத்திருந்தது. மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்தாற்போல ஒரு வாடை.

பிறகு சின்னவர் தொண்டையைச் செருமினார்.

"இயற்கை உள்ளேயும் வளரணும்ங்கிறது அப்பாவோட ஒரு…"

"இது பூஞ்சைங்க," என்றார் அதிகாரி.

அவர் குனிந்து படத்தின் பின்பக்கத்தைப் படித்தார். பெரியவரின் கையெழுத்து தெளிவாகவே இருந்தது. 'வடக்குச் சுவர். கசிவு 5 அடி 4 அங்குலம், 7 அடி 2 அங்குலம். நாலு விரல் கூடுதல்.' அதற்குக் கீழே வருடம். அதற்கும் கீழே சின்னதாக, 'அளந்தது: மருமகள்.'

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எத்தனை வருஷமா ஒழுகுது?"

"நான் வந்து இருபத்தாறு. அதுக்கு முன்னாடி எங்க மாமியாரைத்தான் கேக்கணும்."

"எல்லாப் படத்துக்குப் பின்னாலயும் இப்படி எழுதியிருக்கா?"

"மாமா கணக்கா இருப்பார்," என்றாள் அவள்.

அக்கா சாம்பல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார். அப்பாவைச் சொன்னாரா, நாத்தனாரான தன்னிடம் மறைத்த தம்பி மனைவியைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அதிகாரி ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம். "இந்த மாதிரி மேதைங்க கட்டின வீடு ஒன்பது பாத்திருக்கேன். ஒன்பதும் ஒழுகுது. ஆனா எதுக்காக வரைஞ்சேன்னு இவ்வளவு நேர்மையா எழுதி வெச்ச ஓவியரை நான் பாத்ததில்ல," என்றார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. தெரிந்த பிறகும் பிடித்திருக்கிறது என்றால் எடுத்துக்கொள்வார்கள். காப்பி போடச் சமையலறைக்குப் போனாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சமையலறை அது. பால் பொங்குவதற்குள், மூன்றாம் மாடிக்கு எந்தெந்தப் பாத்திரம் போதும் என்று மனதுக்குள் பிரித்து வைத்துவிட்டாள்.

தட்டோடு திரும்பியபோது சின்னவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது," என்றார். "முப்பத்தொரு படத்தையும் எடுத்துக்கறாங்க. அப்பா பேர்ல தனிக் கூடமே திறக்கப் போறாங்க. பின்பக்கமும் தெரியற மாதிரி மாட்டுவாங்களாம்."

"வீடு?"

"வீடு நம்மகிட்டயே இருக்கும். எனக்கு அதுதான் நிம்மதி."

"அந்த மூணாம் மாடி?"

"வீட்டைக் கொடுத்தாத்தானே அது? நாலு பக்கமும் அடைச்ச பெட்டி. நமக்கு எதுக்கு?"

அதிகாரி காப்பியை எடுத்துக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்தார். குரலைத் தாழ்த்தி, "கூரைக்குள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கும்மா. தண்ணி இறங்கற கட்டடத்தை எடுத்துக்க எங்க விதியில இடமில்ல. படம் சுவர்லயே இருந்திருந்தா நான் சுவரைத் தட்டி, கூரை வரைக்கும் பாத்திருக்க மாட்டேன்," என்றார். சர்க்கரை போதுமா என்று அவள் கேட்டாள். போதும் என்றார்.

அடுத்த வாரம் லாரி வந்து படங்களை ஏற்றிக்கொண்டு போனது. படுக்கையறைகளும் நடையும் ஒரு பக்கம் இருக்கட்டும். கூடத்தில் மட்டும் ஆறு கசிவுகள், ஆறும் பெரியவரின் பிற்காலத்தவை. மழைக்குப் பிறந்த பிள்ளைகள்போல வீட்டைப் பார்த்தபடி நின்றன. சின்னவர் பள்ளத்தில் உட்கார்ந்து அவற்றை அண்ணாந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை பேராசிரியரே வர்றார். இப்படியே எப்படிக் காட்டறது?"

அவள் அவரைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்தினாள். பிறகு மெத்தையைத் தூக்கி, அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்கி, துணியை வெளியே எடுத்தாள்.

"பூவா?" என்றார் சின்னவர். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கொஞ்ச நாளா இருக்கு."

அவர் துணியின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "ஒரு விதத்துல," என்று ஆரம்பித்தார், "காடு உள்ள வர்றதுன்னு அப்பா சொன்னதோட அடுத்த கட்டம்னு இதைச் சொல்லலாம்."

"சொல்லுங்க," என்றாள் அவள். "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க."

மாமியாரின் நாடாவை எடுத்து வடக்குச் சுவரிலிருந்து தொடங்கினாள். அளந்து, பழக்க தோஷத்தில் நாலு விரல் கூட்டி, வெட்டினாள். ஐந்து கசிவு மூடியதும் இரண்டு மீட்டர் மிஞ்சியது. அதை மடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"வாசல் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கே," என்று சின்னவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "உள்ள நுழைஞ்சதும் அதுதான் முதல்ல கண்ணுல படும்."

வாசல் பக்கக் கசிவு நாலு விரலோடு சேர்த்துச் சரியாக இரண்டு மீட்டர் இருந்தது. குளியலறைக்குத் துணி மிஞ்சவில்லை.