மருதமுத்துவின் ரசிகர்கள்

இசைக்காகத் தம் வாழ்வையே அர்ப்பணித்த மகான்கள் இந்த மண்ணில் வெகு சிலரே. அவர்களில் ஒருவரிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது. பெயர் மருதமுத்து, புதுக்கோட்டை–கட்டுமாவடி தனியார் பஸ்ஸின் டிரைவர்.

அரசு பஸ் வேலை தேடி வந்தபோது, அதில் பாட்டு செட் இல்லையென்று வேண்டாம் என்றவர். பென்ஷன் இல்லாத மாப்பிள்ளை எதற்கென்று, பேசி முடித்த சம்பந்தம் கைவிட்டுப் போனது. அவர் கவலைப்படவில்லை. தினமும் அறுபது ரசிகர்கள். அறந்தாங்கி வரை காதல், கடல்காற்று பட்டதும் சோகம் என்று பாட்டுகளை அவரே அடுக்குவார். கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸே தலையாட்டும். வீட்டில் தலையாட்ட ஆள் இல்லை.

ஓய்வு பெறும் நாளில் ஸ்டீயரிங்கைப் புது டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தன் கச்சேரியை ஒரு தடவையாவது ரசிகராகக் கேட்கக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. பாட்டு கேட்கவில்லை.

"என்னப்பா, செட்டு போடலையா?"

கண்டக்டர் கவியரசன் தோள்பையைச் சரிசெய்தான். "முன்னால டிரைவருக்கு மட்டும் பாடுதுண்ணே. இங்கிட்டு ஸ்பீக்கர் ஒயரக் கழட்டி ஏழு வருசமாச்சு. போன் பேச முடியலைன்னு சனங்க சண்டைக்கு வந்தாங்க. ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல."

"பொய் சொல்லாதடா. எல்லாரும் தலையாட்டுறத நானே கண்ணாடியில பாத்திருக்கேன்."

கவியரசன் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டான். மருதமுத்து முன்னால் இருந்த தலைகளைப் பார்த்தார். ஆடிக்கொண்டுதான் இருந்தன. அவர் தலையும் ஆடியது.

அந்த ரோட்டில் குழி அதிகம்.