தொலைநோக்கிக்காரர் வீட்டு ஒட்டடை

மகள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே சம்பந்தியம்மாளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தொலைநோக்கி செய்கிற சம்பந்தியின் பட்டறையில் மூலைக்கு மூலை ஒட்டடை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பெண்ணை வளர்த்த லட்சணம் இதுதானா என்று கேட்க மாட்டார்களா? பத்து மணிக்குள் அத்தனையையும் அடித்து, வாரி, வெளியே கொட்டிவிட்டாள்.

சம்பந்தி உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசமா வளர்த்தேன், சம்பந்தியம்மா."

"எதை?"

"சிலந்திய."

அவள் என்னத்தைக் கண்டாள், பாவம்! தொலைநோக்கிக்குள் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு இழை ஓட வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நட்சத்திரத்தை நிறுத்தித்தான் வானத்தை அளப்பார்கள். அதற்குச் சிலந்தி இழைதான் சரி. குழாய், கண்ணாடி, தாங்கி எல்லாம் தயார். இழை மட்டும் பாக்கி. மூன்று மணிக்குப் பெட்டி கட்ட வேண்டும், ஐந்து மணிக்குக் கப்பல். விட்டால் அடுத்த கப்பலுக்கு ஆறு மாதம்.

"என் தலைமுடி ஒண்ணு தரட்டுமா?"

"அது உள்ள கயிறு மாதிரி தெரியும். நட்சத்திரத்தையே மறைச்சிடும்."

மகள் வாசலில் வந்து நின்றாள். அம்மா அவளைப் பார்த்தாள். கல்யாணமாகி நாலே மாதம். 'உங்கம்மா வந்தாங்க, கப்பல் போச்சு' என்று இந்தப் பெண் காலத்துக்கும் பேச்சு கேட்க வேண்டுமே!

சிலந்தி என்றால் அம்மாவுக்கு உயிரே போய்விடும். ஆனாலும் நேரே கொல்லைப்புற விறகுக் கொட்டகைக்குப் போனாள். அரை மணி தேடி, கதவுக்குப் பின்னால் கொழுத்த ஒன்றை இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி ஓடி வந்தாள்.

"சீக்கிரம் வாங்கிக்கோங்க. உள்ள நடக்குது, உள்ள நடக்குது."

சம்பந்தி அதைக் குச்சியில் ஏற்றித் தட்டினார். அது இழைவிட்டு இறங்க இறங்க, கவைபோல் வளைத்த கம்பியில் சுற்றி எடுத்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு இழையும் அரக்கு வைத்து ஒட்டியாயிற்று.

"பாருங்க," என்றார்.

குழாய் வழியே எதிர் மணிக்கூண்டு தெரிந்தது. 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவள் சுபாவம் விடுமா?

"குறுக்குக் கோடு ஒரு பக்கம் இறங்கியிருக்கே, சம்பந்தி."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தி அளந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். இறங்கித்தான் இருந்தது, இம்மியளவு. பிரித்து மறுபடி ஒட்டினார். மூன்று மணிக்குப் பெட்டியில் ஆணி அடித்தாயிற்று.

பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உங்க அத்தைக்கு வண்டி சொல்லியிருந்தியே, வேண்டாம்னுடு. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுடா. அடுத்த தொலைநோக்கிய அவங்க பார்த்துச் சொல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

மகளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து சம்பந்தியம்மாளுக்குத் தன் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. துடைத்த இடத்தையே துடைத்துப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தாள். பெண் கொடுத்த வீட்டில் அதிக நாள் தங்குவது மரியாதையில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அடுத்தது முடிய எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டாள்.