கட்டிலுக்கடியில் ஈரம்

நகரக் குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன் என்று நான் சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. என்ன வேலை என்று கேட்பவர்கள் குறைவு. அப்படியே கேட்டாலும், "தண்ணி விநியோகம் சம்பந்தமா" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்ப்பேன். கடலைப் பார்க்கிற மனிதனை யாரும் மேற்கொண்டு குடைவதில்லை. உண்மையில் நான் குமாஸ்தா. தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு குழாயைக்கூடத் திருகிக் கழற்றியது கிடையாது.

தென் ஆஸ்திரேலியாவில், செடுனாவுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் கேரவன் பூங்காவில் குளிர்காலம் முழுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். வீட்டை விற்றுவிட்டோ பூட்டிவிட்டோ, காருக்குப் பின்னால் இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். மாலை ஐந்து மணியானால் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, கையில் அவரவர் பீர் அல்லது அட்டைப்பெட்டி ஒயின், நடுவில் பொதுவாகச் சீஸும் பிஸ்கட்டும். அந்த வட்டத்தில் பழைய பதவி இல்லாதவர் ஒருவரும் இல்லை. துணைத் தலைமையாசிரியராக இருந்தவர் இன்னும் யார் வரவில்லை என்று தலை எண்ணுகிறார். பஸ் ஓட்டியவர் தன்னைப் "போக்குவரத்துத் துறை" என்கிறார். நான் இன்ஜினியர். நானாக வைத்துக்கொண்ட பட்டமில்லை. வந்த இரண்டாம் நாள் யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. என் மனைவி ராஸ்லின் பின்னல் ஊசியிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

எங்களுக்கு அடுத்த இடத்தில் கிளெம்மும் அவன் மனைவி பெரிலும். கிளெம் வயல்லா நகரத்து உருக்காலையில் கிரேன் ஓட்டியவன். வீட்டை விற்ற பணம் முழுவதையும் இருபத்திரண்டு அடி கேரவனில் போட்டிருந்தார்கள். நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வடமேற்கில் புரூம் வரை போய், பிறகு எங்கே பிடிக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்வதாகத் திட்டம். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை கிளெம் ஆரம்பித்தான்.

"யோவ் இன்ஜினியரு, ஒரு சந்தேகம். குழாய் எல்லாம் மூடித்தான் இருக்கு. ஆனா பம்ப் மட்டும் அப்பப்ப டுக்குன்னு ஒரு தடவை அடிச்சிட்டு நின்னுடுது."

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை," என்றாள் பெரில். "எண்ணிப் பாத்துட்டேன். இவரு குறட்டையையும் மீறிக் கேக்குதுன்னா நீங்களே பாத்துக்குங்க."

பதினான்கு நாற்காலிகளும் என் பக்கம் திரும்பின. "தெரியலை" என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் பூங்காவில் அழைக்காமல் அடுத்தவர் கேரவனுக்குள் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"காத்து," என்றேன். "லைன்ல காத்து புகுந்திருக்கு."

"ஒழுகல் இல்லையே?" என்று கேட்டாள் பெரில்.

"ஒழுகினா தண்ணி கண்ணுல படணுமே. எங்கயாவது படுதா?"

"படலை."

"அப்புறம் என்ன? இப்ப டாங்குத் தண்ணியைத்தானே பம்ப் வச்சு எடுக்கறீங்க? பம்பை அணைச்சுட்டுப் பூங்காக் குழாயில ஹோஸை மாட்டுங்க. ஹோஸ் முனையில பித்தளை வால்வு ஒண்ணு இருக்கும் பாரு, அழுத்தத்தைக் குறைக்கறதுக்கு. அதைக் கழட்டிக் கடாசு. தண்ணி முழு வேகத்துல வந்தா காத்து பிச்சுக்கிட்டு ஓடும்."

கிளெம் தலையைச் சொறிந்தான். "கழட்டவே கூடாதுன்னு விக்கும்போது சொன்னானேய்யா."

"விக்கறவன் வேற என்ன சொல்வான்? ஒரு நகரத்தோட தண்ணி அழுத்தத்தையே பாத்தவன்யா நான்."

பார்த்ததுதான். அழுத்தம் போதவில்லை என்று வந்த கடிதங்களில்.

மறுநாள் மாலை கிளெம் ஒரு போர்ட் ஒயின் பாட்டிலோடு வந்தான். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டதாம். ஷவரில் தண்ணீர் முதுகைப் பிடித்துவிடுகிற வேகத்தில் கொட்டுகிறதாம். பம்பை அணைத்தால் பம்ப் சத்தம் கேட்காது என்பது அந்த வட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எங்கள் கேரவனின் கையேட்டில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் விட்டு விட்டு அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, உடனே கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: வால்வு இல்லாமல் வெளிக்குழாயில் இணைக்காதீர்கள். இரண்டு முறை படித்தேன். பிறகு கையேட்டை இழுப்பறைக்குள், ராஸ்லினின் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து தப்படி தூரம். ஆனால் சனிக்கிழமை பொதுக்கூடத்தில் நான் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது. பயணத்தில் தண்ணீர் மேலாண்மை என்பது தலைப்பு. பூங்கா அலுவலகக் கதவில் ஒட்டியிருந்தார்கள், என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு. பேசிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பேசினேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். முதல் வரிசையில் கிளெம் எழுந்து நின்று தட்டினான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் துணி காயப்போடுகிற இடத்தில் பெரில் கேட்டாள். "கட்டிலுக்கடியில வச்சிருந்த கம்பளி எல்லாம் ஈரமா இருக்கு. ஒரு மாதிரி வாடை வேற. என்னவா இருக்கும்?"

"கடல் காத்துதான். கதவு ஜன்னலைத் திறந்து போடுங்க."

"திறந்துதான் போட்டிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் நல்லா திறங்க," என்றேன், கையேட்டைப் படித்திருந்த நான்.

ஆறாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கிய பெரிலின் கால் தரையோடு உள்ளே போய்விட்டது. கணுக்காலில் நல்ல சுளுக்கு. கிளெம் செடுனாவிலிருந்து கொரினாவை வரவழைத்தான். ஊர் ஊராக வேன் ஓட்டி கேரவன் பழுது பார்க்கிறவள், நாற்பது வயதிருக்கும். வட்டம் மொத்தமும் வாசலுக்கு வெளியே கூடிவிட்டது. மரியாதை கருதி யாரும் உள்ளே போகவில்லை. கழுத்துகள் மட்டும் போயின.

கட்டில் பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, கொரினா திருப்புளியைத் தரையில் வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி பிடி வரை இறங்கியது. பிறகு டார்ச்சை அடித்து மூலையில் குழாய் வளைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முழங்கை இணைப்பைக் காட்டினாள்.

"இதுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். முதல்ல சொட்டுதான் விட்டிருக்கும். அப்பவே பாத்திருந்தா இதை மாத்த அஞ்சு நிமிஷம். பம்ப் சத்தம் குடுக்கலையா?"

"குடுத்துச்சு," என்றான் கிளெம்.

"அதுதாங்க அது கத்தறது. சரி, இது என்ன கூத்து? வால்வைக் காணோமே. இந்தப் பூங்காத் தண்ணிக்கு வால்வு இல்லாம மாட்டுவாங்களா யாராவது? சொட்டிக்கிட்டிருந்ததைப் பீச்சி அடிக்க வச்சிருக்கீங்க. எந்த மேதாவி சொன்னான் உங்களுக்கு?"

எனக்கு முன்னால் இருந்த கழுத்துகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"யாரும் சொல்லலை," என்றான் கிளெம். "ஷவர்ல தண்ணி கம்மியா வந்துச்சு. நானாத்தான் கழட்டினேன்."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த இடைவெளி இரண்டு நொடி இருக்கும். அதை இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறேன்.

கொரினா சுவரைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தாள். தரைப்பலகை, அதைத் தாங்குகிற சட்டம், பக்கச் சுவரின் அடிப்பகுதி எல்லாம் ஊறி உளுத்திருந்தன. "இதை ரோட்டுல இழுக்க நான் விடமாட்டேன்," என்றாள். "முதல் குழியிலயே பாதி வீடு கீழ நிக்கும்." குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்குங்கம்மா," என்று பெரிலிடம் சொன்னாள். அவள் மன்னிப்புக் கேட்க ஒரு காரணமும் இல்லை. கேட்க வேண்டியவன் வெளியே நின்றிருந்தான்.

பத்து நாளில் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. படிப்படியாக நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம். கிளெம் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குக் காது சூடேறியது. இதே வாக்கியங்களை, இதே வரிசையில், முப்பத்தோரு வருடம் எழுதியவன் நான். மனமார என்ற சொல் வந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்று பொருள்.

அன்று மாலை முதல்முறையாக அவர்கள் கேரவனுக்குள் போனேன். "அந்தப் பக்கம் மிதிக்காதீங்க," என்றாள் பெரில். கிளெம் எனக்கு நாற்காலியைத் தள்ளினான்.

"நான் இன்ஜினியர் இல்லை," என்றேன். "குமாஸ்தா. புகார்க் கடுதாசிக்குப் பதில் எழுதறவன்."

"தெரியுமே," என்றாள் பெரில். "நீங்க வந்த முதல் வாரமே துணி துவைக்கிற இடத்துல ராஸ்லின் சொல்லிட்டாளே."

"தெரிஞ்சுமா நான் சொன்னதைக் கேட்டீங்க?"

கிளெம் கையில் இருந்த பீர் டப்பாவை உருட்டினான். "காத்துன்னா சும்மா விட்டுடலாம். ஒழுகல்னா கட்டிலைத் தூக்கணும், ஆளைக் கூப்பிடணும், பயணம் தள்ளிப்போகும். நீ எங்களுக்குப் பிடிச்சதைச் சொன்னே. அதுவும் என்னமா சொன்னேய்யா!"

"மூணாவது வாரமே எனக்குத் தெரியும், கிளெம். புத்தகத்துல படிச்சேன். சொல்லலை."

இது அவர்களுக்குத் தெரியாது. கிளெம்மின் கையில் டப்பா நின்றது. பெரில்தான் கேட்டாள், "அப்ப சொல்லியிருந்தா இது தப்பிச்சிருக்குமா?"

"தரையை மட்டும் மாத்தியிருந்தா போதும்னு நினைக்கறேன்."

"நினைக்கறீங்க," என்றாள் அவள்.

மேல்முறையீட்டுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த கடிதம். தன்னைத் தண்ணீர்த் துறை நிபுணராகக் காட்டிக்கொண்ட நெவில் என்பவரின் தவறான ஆலோசனையால் என்று என் பெயரைப் போட்டே ஒரு வரியும் சேர்த்திருந்தேன். கிளெம் படித்துவிட்டு அந்த வரியை மட்டும் அடித்தான். "கருணையா அடிச்சேன்னு நினைச்சுக்காதே," என்றான். "வேலைக்காகாது. ஒரு குமாஸ்தா பேச்சைக் கேட்டவன்னு என் பேரும் சேர்ந்து ரிப்பேர் ஆகும்." கடிதம் போனது. பதிலும் வந்தது. மனமார.

ஆகஸ்ட் கடைசியில் தட்டு லாரி வந்தது, கேரவனை உடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோக. அவர்கள் மரே பிரிட்ஜ் என்கிற ஊரில் மகள் வீட்டுக் கொல்லைப்புற அறைக்குப் போகிறார்கள். புரூமைப் பற்றி யாரும் பேசவில்லை. துணைத் தலைமையாசிரியர் ஒரு சிறிய உரை ஆற்றப்போனார். ராஸ்லின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கேரவனை லாரியில் ஏற்றச் சங்கிலி மாட்டியாகிவிட்டது. அப்போது பெரில் டிரைவரிடம், "ஒரு நிமிஷம் தம்பி," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே கேரவனுக்குள் ஏறினாள். படுக்கை ஜன்னலுக்காக வயல்லாவில் தானே தைத்த நீலத் திரைச்சீலையோடு இறங்கினாள். அது தனி ஆளாக மடிக்க முடியாத நீளம். சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். ஒரு முனையை நீட்டினாள்.

"அங்க ஜன்னல் சின்னது," என்றாள், என்னிடமா திரையிடமா என்று தெரியாத குரலில். "இதை என்ன பண்றதுன்னுதான் புரியலை."

எனக்கு ஒரு யோசனை இருந்தது. இரண்டுகூட இருந்தது. வாயை மூடிக்கொண்டு முனையை இழுத்துப் பிடித்தேன். அவள் மடித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு, காரில் போய் உட்கார்ந்தாள்.