கல்லுக்குக் காவல்

வேறு யார் படித்தாலும் புரியட்டும் என்பதால் சொல்கிறேன், என் பெயர் மாக் பாவ் லாம். வயது இருபது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது விடுதியின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. அக்கா, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பணமும் வேண்டாம். இவ்வளவு நீளமாக நான் எதுவும் அனுப்பியதில்லை, பார்த்ததும் நீ பயந்துவிடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. நம் நூடுல்ஸ் தள்ளுவண்டி இரண்டைச் சேர்த்து வைத்தால் வரும் அளவு. அதன்மேல் யார் வேண்டுமானாலும் வர்ணம் பூசி எதை வேண்டுமானாலும் எழுதலாம். பிறந்தநாள் வாழ்த்து, மாணவர் தேர்தல், காதல், எல்லாம் அங்கேதான். பூசிப் பூசிக் கல்லுக்கு ஒரு தடித்த தோலே வளர்ந்துவிட்டது. அதற்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. கல்லைத் தொட்டுக்கொண்டு ஒரு ஆள் நிற்கும்வரை வேறு யாரும் அதன்மேல் பூசக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியும் நான் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் கால்பந்துப் பையன்கள் கம்பளி போர்த்திக்கொண்டு முறைபோட்டுக் காவல் நிற்பார்கள்.

நம் சந்திரப் புத்தாண்டு அன்று நாங்கள் சிலர் சேர்ந்து அந்தக் கல்லுக்குச் சிவப்பு பூசினோம். மஞ்சளில் நான் நம் மொழியில் வாழ்த்து எழுதினேன். ஷாங்காய்ப் பையன் யீஃபான் அவன் எழுத்தில் எழுதினான். அவன் என் அறைத்தோழன். ஆசிய மாணவர் சங்கத்துக்குத் தலைவி காவ்நூ. மொங் என்ற ஆசிய மலை இனத்துப் பெண், பக்கத்து மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இது புலி வருஷம் என்பதால் அவள் ஓரத்தில் ஒரு புலி வரைந்தாள். அது பூனை மாதிரி வந்தது. அந்தப் போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேன். குளிருக்குப் பயந்து யாரும் காவல் நிற்கவில்லை.

மறுநாள் காலை சமையற்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலைக்குப் போகும்போது பார்த்தேன். கல் முழுக்கக் கறுப்பு. அதன்மேல் வெள்ளை எழுத்தில், வைரசை எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள் என்று எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே எங்கள் கண்ணைக் கேலி செய்து, இரண்டு கோடுகளைக் கண்ணாக வைத்து ஒரு முகம். நான் நிற்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்த் தட்டுகளைக் கழுவினேன். விமான நிலையத்தில் அம்மா என் காலரைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "எவன் சண்டையிலயும் போய் நிக்காத. போட்டோவுல நிக்காத. படிச்சியா, வந்தியான்னு இரு." அந்தச் சொல்லைத்தான் அன்றைக்கு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காவ்நூ எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மாணவர் நலன் அதிகாரியிடம் போனாள். மிஸஸ் ஹாலரன் நல்ல மனுஷிதான், அக்கா. வருத்தம் என்று அவர் சொன்னபோது உண்மையாகவே கண் கலங்கியது. ஆனால் அங்கே கேமரா கிடையாது, எழுதியவர் யாரென்று தெரியாது, தெரிந்தாலும் கல்லுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறதே, யார் என்ன எழுதினாலும் கேட்க முடியாதே என்றார். கல்லூரித் தலைவர் எல்லோருக்கும் இதைப் பற்றிச் சொல்ல வேண்டும், என்ன எழுதியிருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று காவ்நூ கேட்டாள். அவர் பேனாவை மூடினார். சனிக்கிழமை சேர்க்கைக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிறையக் குடும்பங்கள் வருகின்றன, அது முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பிச் சாம்பல் நிறம் பூசிவிடுவதாகவும், நாங்கள் அதை மறுபடி பார்க்கவே வேண்டாம் என்றும் ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்து தாழ்வாரத்திலேயே சண்டை. சாம்பல் பூசுவதற்கு முன்னால் நாமே போய்ச் சிவப்பு பூசுவோம் என்றாள் காவ்நூ. யாரோ பூசித் தொலைக்கட்டும், விஷயம் தன் அம்மா காதுக்குப் போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவாள் என்றான் யீஃபான். நான் எதுவும் பேசுவதாக இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"யாருமே பூச வேணாம்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

"டேய், உனக்குக் கிறுக்கா?" என்றாள் காவ்நூ. "அந்த அசிங்கத்த நாம வச்சுப் பாக்கணுமா?"

"நாம ஏற்கெனவே பாத்தாச்சு. சனிக்கிழம வர்றவங்கதான் பாக்கல. எழுதினவன் எழுதிட்டு ஓடிட்டான், காவல் நிக்கல. நாம கைய வச்சு நின்னா யாராலயும் பூச முடியாது. வழக்கம்னு அந்தம்மாதான சொன்னாங்க?"

யீஃபான் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ரெண்டு வருஷமா ஒரே ரூம்ல இருக்கேன். இவனுக்கு இவ்ளோ நீளமாப் பேச வரும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

காவ்நூ சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை தனக்கு ஆய்வுக்கூடத் தேர்வு, காலையில் யார் நிற்பது என்று கேட்டாள். யீஃபான் ஜன்னலைப் பார்த்தான். நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு தூக்கமில்லை. நான் மாணவர் விசாவில் இருப்பவன். கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்க முடியாது, தட்டுக் கழுவும் வேலை போனால் எனக்கு வேறு வழியில்லை. யாராவது என்னைத் தொல்லை கொடுப்பவன் என்று எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்டால் தெரியும் என்பதும் தெரியாது, கேட்பதற்கும் பயம். படுக்கையில் புரண்டுகொண்டே, பேர் கேட்டால் பொய்ப்பேர் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

காலையில் போய்க் கல்லின்மேல் கையை வைத்தேன். கையுறை போட்டும் குளிர் எலும்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பராமரிப்பு வண்டி வந்தது. டெனி என்று ஒருவர், சாம்பல் வர்ண டப்பாவோடு இறங்கினார். கல்லைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீதான் இத எழுதினியா?"

"இல்ல. எனக்குத்தான் எழுதியிருக்காங்க."

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நீ நிற்கிறாய், நான் பூச முடியாது, மேலே கேட்டுக்கொள்கிறேன் என்று போன் செய்தார். சீக்கிரமே மிஸஸ் ஹாலரன் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் பனியில் வந்தார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று தொடங்கினார். நாளைக்கு இதைப் பார்க்கிற பிள்ளைகள் மனம் நோகும், நகர்ந்துகொள், உன் மன வருத்தத்தைப் பேச ஒரு அறையும் ஆளும் ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு அவர் கேட்டார், "உன் பேரு என்ன?"

அக்கா, அந்த ஒரு நிமிஷம் அம்மாவின் பிடி என் காலரில் இருந்தது.

"மாக் பாவ் லாம்," என்றேன். "ரெண்டாம் வருஷம். மதியம் தட்டுக் கழுவுற முறை எனக்கு. கல்லுக்கு ஒரு வழக்கம் இருக்குன்னு நீங்கதான் மேடம் சொன்னீங்க. தலைவர் எல்லாருக்கும் சொன்னதும் நானே பூசிடறேன்."

டெனி கையுறையால் வாயை மூடிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். மிஸஸ் ஹாலரன் என் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார், சரியாகவே சொன்னார். பிறகு தலைவரிடம் பேச வேண்டும் என்று போய்விட்டார்.

மதியம் நெருங்கியதும் எனக்குப் பதற்றம். வேலைக்குப் போகாவிட்டால் வேலை போகும். போனால் கல் போகும். அப்போது யீஃபான் வந்தான். முகமூடி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வங்கிக் கொள்ளைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். கையில் சூடான சோற்று டப்பா.

"நிக்க வரலடா. சோறு குடுக்கத்தான் வந்தேன்," என்றான்.

நான் நின்றபடியே சாப்பிட்டேன். அவன் கல்லில் இருந்ததைப் படித்துக்கொண்டே இருந்தான். அவனும் இதுவரை அந்தப் பக்கம் போகாமல் சுற்றித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறான், எனக்கு அது தெரியாது. டப்பாவை மூடிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மற்றக் கையைக் கல்லின்மேல் வைத்தான்.

"போ. தட்டு காத்திருக்கு," என்றான். "எங்கம்மா கேட்டா, குளிர்ல கல்லப் புடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொல்லு. வேற எதும் சொல்லாத."

தட்டுக் கழுவும் இடத்தில் என்னோடு வேலை செய்கிற குண்டுப் பையன் கோல்பி, இந்த ஊர்ப் பன்றிப் பண்ணைக்காரர் மகன், என் கை ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டான். சொன்னேன். அவன் அதிகம் பேசவில்லை. வேலை முடிந்ததும் மடக்கு நாற்காலி இரண்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தான். காவ்நூ தேர்வை முடித்துக்கொண்டு அவள் ஆய்வுக்கூடத்துப் பெண்களைக் கூட்டி வந்தாள். சாயங்காலம் கால்பந்துப் பையன்களில் சிலர் வந்து, காவல் நிற்பதில் தங்களுக்குத்தான் அனுபவம், நாங்கள் முறை போட்டிருப்பது மகா மட்டம் என்று திட்டிவிட்டு வேறு முறை போட்டுக் கொடுத்தார்கள். விடிய விடியக் கல்லின்மேல் ஒரு கையாவது இருந்தது.

சனிக்கிழமை குடும்பங்கள் வந்தன. வழிகாட்டும் மாணவர்கள் பின்பக்கமாக நடந்தபடியே பேசுவார்கள். எங்கள் பக்கம் வந்ததும் கூட்டத்தை வேறு பாதையில் திருப்பப் பார்த்தார்கள். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் திரும்பவில்லை. கொரியாக்காரர்கள் என்று நினைக்கிறேன். நேராக வந்து படித்தார்கள். நாங்கள் எல்லோரும் அதன்மேல் கைவைத்து நிற்பதைப் பார்த்து அந்த அப்பாவின் முகம் இறுகிப்போயிற்று. என்ன இது என்று கேட்டார். நான் ஒரு நல்ல பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன், அக்கா. ஒரு வரிகூட வரவில்லை.

"இது எங்களுக்கு எழுதினது சார்," என்றேன். "மறைக்கப் பாத்தாங்க, நாங்க விடல. என் பேரு லாம். நான் எங்கயும் போகப் போறதில்ல. இங்கதான் படிச்சு முடிப்பேன்."

அந்தப் பெண் அப்பாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "அப்ப நான் இங்க சேரலாமா, வேணாமா?"

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியல," என்றேன். "இந்த மாதிரி இன்னொரு தடவ எழுத மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எழுதினா, நீ தனியா நிக்க மாட்ட. அது சொல்ல முடியும்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தாள். அவள் அப்பா போட்டோ எடுத்தார். பக்கத்தில் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரும் எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். உன் சிநேகிதி யாராவது அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன்னால் என் வாயால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மிஸஸ் ஹாலரன் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேராகத் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மதியம் பெரிய கூடத்தில் வரவேற்புக் கூட்டம் நடந்தபோது, கல்லூரித் தலைவர் மேடையேறிக் கல்லில் எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் வாசித்தார். மறைக்க நினைத்தது தவறு என்றும் சொன்னார். சிலர் எழுந்து வெளியே போனார்கள், நிறையப் பேர் எழுந்து நின்றார்கள். நாங்கள் போய்க் கல்லுக்கு மறுபடி சிவப்பு பூசினோம். டெனி தூரிகை கொடுத்தார்.

எழுதியவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. எனக்கு வந்த செய்திகளில் இரண்டு மூன்று அசிங்கமானவை, அவற்றை மிஸஸ் ஹாலரனிடம் கொடுத்துவிட்டேன். வேலை போகவில்லை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அவரே என்னைக் கூட்டிப் போனார், விசாவுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று அங்கே சொன்னார்கள். அம்மாவுக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டு.

திங்கட்கிழமை முழுக் கல்லூரியும் கூடுகிறது. இனி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்யப் போகிறார்கள். முதலில் பேசச் சொல்லி என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். உங்களுக்கு அப்போது செவ்வாய் விடியற்காலை, அம்மா நூடுல்ஸுக்கு எலும்புச் சாறு கொதிக்க வைக்கிற நேரம். அக்கா, இல்லை வேறு யார் இதைப் படித்தாலும் சரி, அம்மாவைக் கொஞ்ச நேரம் அடுப்பிலிருந்து எழுப்பிப் போனுக்கு முன்னால் உட்கார வையுங்கள்.